மூர்ஸ்வில் உயர்நிலைப் பள்ளி: மதிய உணவுப் படிவமும் மடிக்கணினியும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகருக்கு வடக்கே சுமார் 20 மைலில் இருக்கிறது மூர்ஸ்வில். நாஸ்கார் கார்ப் பந்தய அணிகள் பலவற்றின் பட்டறைகள் இங்கேதான். ‘ரேஸ் சிட்டி’ என்பது ஊரின் செல்லப் பெயர். பள்ளிக் கல்வியில் இருப்பவர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்தால் தெரியும். 4-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆளுக்கொரு மடிக்கணினி என்று இங்கே தொடங்கிய திட்டத்தை நாடெங்கிலுமிருந்து கல்வி அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். 2013 ஜூன் 6 அன்று அதிபர் ஒபாமாவும் வந்தார். நாட்டின் 99 விழுக்காடு மாணவர்களுக்கு ஐந்தாண்டுக்குள் அதிவேக இணையம் என்ற ‘கனெக்ட்எட்’ திட்டத்தை இவ்வூர் நடுநிலைப் பள்ளியில் நின்றுதான் அறிவித்தார்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது: செலவில் கடைசி வரிசை, மதிப்பெண்ணில் முதல் வரிசை. 2012 தொடக்கத்தில் வெளியான கணக்குப்படி, மாநிலத்தின் 115 பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பே பள்ளி மாவட்டம்) மாணவர் ஒருவருக்கான செலவில் மூர்ஸ்வில்லுக்கு 100-ஆவது இடம், ஆண்டுக்கு 7,415.89 டாலர். தேர்வுத் தேர்ச்சியில் 3-ஆவது இடம். உயர்நிலைப் பள்ளியைக் குறித்த காலத்தில் முடிப்போர் விகிதத்தில் 2-ஆவது இடம். 2008-இல் 80 விழுக்காடாக இருந்த அந்த விகிதம் 2011-இல் 91 ஆனது. வாசிப்பு, கணிதம், அறிவியல் தேர்வுகளின் சராசரித் தேர்ச்சி மூன்றாண்டில் 73-இலிருந்து 88 விழுக்காட்டுக்கு ஏறியது.

எண்கள் சரியானவைதாம். ஆனால் இவை மடிக்கணினி வாங்கியதால் மட்டும் வந்தவை என்று எடுத்துக்கொண்டு கருவிக்கு ஆர்டர் போட்ட மாவட்டங்கள் பின்னால் கையைச் சுட்டுக்கொண்டன. படிக்க வந்த பிள்ளைகள் யார், பணத்துக்காக எது வெட்டப்பட்டது, ஊர் எவ்வளவு சுமந்தது என்ற விவரங்கள் இல்லாமல் இந்தக் கதை விளங்காது.

ஊரும் பிள்ளைகளும்

மூர்ஸ்வில் ஒரு பழைய நூற்பாலை ஊர். பர்லிங்டன் ஆலை 1999-இல் மூடப்பட்டது. மேற்கே நார்மன் ஏரி. அணை கட்டியதால் 1960-களில் உருவான நீர்த்தேக்கம். அதன் கரையில் பந்தய ஓட்டுநர்களும் நிறுவன மேலாளர்களும் மாளிகை கட்டிக்கொண்டார்கள். கட்டுமானப் பொருள் விற்கும் பெருநிறுவனமான லோஸ் தன் தலைமையகத்தை 2003-இல் இங்கே மாற்றியது. 2000-இல் 19 ஆயிரத்தைத் தொடாத மக்கள்தொகை 2010-இல் 32 ஆயிரத்தைத் தாண்டியது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பணக்கார ஊர். பள்ளிக்குள் போனால் கணக்கு மாறுகிறது. மூர்ஸ்வில் இருக்கும் ஐரடெல் கவுன்டியில் (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) இரண்டு பள்ளி மாவட்டங்கள் உண்டு. கவுன்டியின் பெரும்பகுதிக்கு ஐரடெல்–ஸ்டேட்ஸ்வில் மாவட்டம்; பழைய மூர்ஸ்வில் நகரத்துக்குத் தனியாக மூர்ஸ்வில் மாவட்டம். மூர்ஸ்வில் முகவரியோடு ஏரிப்பக்கம் வாழும் பிள்ளைகளில் கணிசமானோர் போவது முதல் மாவட்டத்தின் நார்மன் ஏரி உயர்நிலைப் பள்ளிக்கு. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றி வளர்ந்த நடு நகரம்தான் மூர்ஸ்வில் உயர்நிலைப் பள்ளியின் அடித்தளம். மாணவர்களில் பெரும்பான்மை வெள்ளையர். அடுத்த நிலையில் கறுப்பின மாணவர்கள், பிறகு ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்டோர். மதிய உணவுச் சலுகைக்குத் தகுதியானோர் 2012 வாக்கில் சுமார் 40 விழுக்காடு. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டுக்கு வீடு வருமானம் குறைந்தபோது ஏறிய எண் அது.

இந்த 40 என்ற எண்ணை ‘ஏழ்மை விகிதம்’ என்று படித்துவிட்டுப் போய்விடலாம். பள்ளி நிர்வாகத்துக்கு அது அதைவிட அதிகம். கம்பி இழுப்பதிலிருந்து வைஃபை வரை பல செலவுகளின் விலையை அதுதான் முடிவு செய்கிறது.

படிவம் செய்யும் வேலை

குடும்ப வருமானம் கூட்டரசு வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் மதிய உணவு இலவசம். 130-க்கு மேல் 185-க்குள் என்றால் சலுகை விலை. ஒரு சாப்பாட்டுக்கு 40 சென்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அரசின் உணவு உதவித் திட்டத்தில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் படிவம் நிரப்பாமலே சேர்ந்துவிடுவார்கள். மாநிலப் பட்டியலோடு பள்ளிப் பட்டியலை ஒப்பிட்டு அலுவலகமே பதிவு செய்கிறது. மற்றவர்கள் ஆண்டுதோறும் படிவம் தர வேண்டும். சென்ற ஆண்டின் தகுதி புதிய கல்வியாண்டில் முதல் 30 வேலை நாள் மட்டுமே செல்லும். அதற்குள் புதுப் படிவம் வராவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து விழும். அந்த மாணவர் முழு விலை கொடுக்க வேண்டியிருக்கும், பள்ளியின் விகிதமும் குறையும்.

உயர்நிலைப் பள்ளிகளில் இந்தப் பட்டியல் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். தொடக்கப் பள்ளியில் தாய் படிவத்தை நிரப்பிப் பையில் வைத்து அனுப்புவார். 16 வயதுப் பிள்ளை அதை ஆசிரியரிடம் நீட்டக் கூச்சப்படுவான். சாப்பிடாமலே இருந்துவிடுவான், அல்லது ஒரு பாக்கெட் சிப்ஸில் மதியத்தை ஓட்டிவிடுவான். ஆகவே ஒரே ஊரில் ஒரே குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் வேறு வேறு விகிதம் காட்டினால், ஏழைகள் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த விகிதம் போய்ச் சேரும் இடம் ‘இ-ரேட்’. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்திலிருந்து வந்த இந்தத் திட்டத்தில், பள்ளிகளின் இணைய இணைப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தொலைபேசிக் கட்டணங்களோடு வசூலாகும் பொது நிதி ஏற்கிறது. எவ்வளவு ஏற்கும் என்பதற்கு உணவுச் சலுகை விகிதமே அளவுகோல். 20–34 விழுக்காடு என்றால் நகர்ப்புறப் பள்ளிக்கு 50, கிராமப்புறப் பள்ளிக்கு 60 விழுக்காடு கழிவு. 35–49 என்றால் 60, 70. 50–74 என்றால் இரண்டுக்கும் 80. 75-க்கு மேல் 90. இடையில் சரிவு கிடையாது, படிக்கட்டுதான். மாதம் 1,000 டாலர் இணைப்புக்கு, உணவுச் சலுகை விகிதம் 50 விழுக்காடு உள்ள நகர்ப்புறப் பள்ளி 200 டாலர் கட்டினால், 49 விழுக்காடு உள்ள பள்ளி 400 கட்டும். அந்த ஒரு விழுக்காடு, ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில், பத்துப் படிவம்!

2014-இல் விதிகள் மாறியபோது, பள்ளிவாரியாகப் பார்ப்பதை விட்டு மாவட்டம் முழுவதற்கும் ஒரே விகிதம் என்று ஆனது. உயர்நிலைப் பள்ளியின் கூச்சக் கணக்கை ஓரளவு சரிக்கட்டிய மாற்றம் அது. திட்டத்தின் ஆண்டு வரம்பும் அப்போதுதான் 390 கோடி டாலராக உயர்ந்தது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இ-ரேட் கம்பிக்கும் வைஃபை கருவிக்கும் பணம் தரும். மாணவர் கையில் கொடுக்கும் மடிக்கணினிக்குத் தராது. பெருந்தொற்றுக் காலத்து அவசர நிதி மட்டுமே விதிவிலக்கு. மூர்ஸ்வில் தொடங்கிய காலத்தில் கருவிக்கான பணத்தை மாவட்டமே தேட வேண்டியிருந்தது.

பணம்

மாவட்டம் கணினிகளை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தது. ஆப்பிளின் மேக்புக் ஏர் மடிக்கணினி ஒன்றுக்கு உத்தரவாதமும் சேர்த்து ஆண்டுக்கு 215 டாலர். மென்பொருளுக்கு மொத்தமாக ஆண்டுக்குச் சுமார் 1,00,000 டாலர். 2012-இல் ஐந்து பள்ளிகளில் 4,400 மாணவர்கள். பெருக்கினால் குத்தகை 9,46,000 டாலர், மென்பொருளும் சேர்த்தால் சுமார் 10,46,000. தலைக்குச் சுமார் 238 டாலர் என்பது மொத்தச் செலவில் சுமார் 3.2 விழுக்காடு. புத்தகம், நிலப்படம், உலக உருண்டை, கணினி ஆய்வகம் என்று முன்பு போன பணத்தின் ஒரு பங்கு இதில் திரும்பியது.

குத்தகையின் நன்மை, செலவு ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் இருப்பது. ஒருமுறை கிடைக்கும் நன்கொடையிலோ கடன் பத்திரத்திலோ வாங்கும் மாவட்டங்களுக்கு நான்காம் ஆண்டில்தான் கண்டம். மின்கலம் எல்லாம் ஒரே பருவத்தில் தளரும், உத்தரவாதம் முடிந்திருக்கும், புதிதாக வாங்கப் பட்ஜெட்டில் தலைப்பே இருக்காது. 25 ஆண்டில் அடைக்கும் கடனில் 4 ஆண்டு உழைக்கும் பொருளை வாங்குவது வட்டிக்காரருக்கு மட்டுமே லாபம்.

பெற்றோரிடம் ஆண்டுக்கு 50 டாலர் பழுதுக் கட்டணம் வாங்கினார்கள். கட்ட முடியாதவர்களுக்குத் தள்ளுபடி. அப்படி விலக்குப் பெற்றவர்கள் சுமார் 18 விழுக்காடு. மீதி 82 விழுக்காட்டினர் கட்டினால் 1,80,400 டாலர் வரும். பழுதுப் பிரிவை நடத்த உதவும் தொகைதான். ஆனால் உணவுச் சலுகைக்குத் தகுதி 40 விழுக்காடு, கட்டண விலக்கு 18 என்பது யோசிக்க வைக்கும் இடைவெளி. ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கலாம்: யார் உணவுச் சலுகை பெறுகிறார் என்ற தகவலை வேறு கட்டணத்தைத் தள்ளுபடி செய்யப் பயன்படுத்த வேண்டுமென்றால் பெற்றோரின் தனி ஒப்புதல் தேவை. உணவுப் படிவத்தோடு அந்த ஒப்புதல் கட்டத்தையும் இணைத்துக் கொடுக்காத மாவட்டத்தில், குடும்பம் இரண்டாம் முறை வந்து தன் இல்லாமையைச் சொல்ல வேண்டும். பலர் வர மாட்டார்கள். எங்காவது கடன் வாங்கி 50 டாலரைக் கட்டிவிடுவார்கள்.

இனி, பாராட்டுரைகளில் ஒரு வரியில் கடந்துவிடும் செய்தி. மந்தநிலையில் மாநில நிதி சுருங்கியபோது மாவட்டம் 65 பணியிடங்களை நீக்கியது. அவற்றில் 37 ஆசிரியர் பணியிடங்கள். நடுநிலைப் பள்ளியில் வகுப்புக்கு 18 மாணவர் என்றிருந்தது 30 ஆனது. கருவி இருப்பதால் பெரிய வகுப்பையும் சமாளிக்கலாம் என்பது மாவட்டத்தின் வாதம். மாணவர் விடையை அழுத்திய உடனே யார் எந்தக் கணக்கில் தவறினார் என்று ஆசிரியர் திரையில் தெரிந்துவிடும். 30 பேரை மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டு, தடுமாறும் குழுவிடம் ஆசிரியர் போய் உட்காரலாம். இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் வேறு மாவட்டத்தில் நிதி அதிகாரி இதே உதாரணத்தைக் கையில் எடுத்தால், முதலில் ஆசிரியரைக் குறைத்துவிட்டு, பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார். மூர்ஸ்வில்லில் வரிசை அப்படி இல்லை.

எது முதலில், எது பிறகு

திட்டத்தைக் கொண்டுவந்தவர் மார்க் எட்வர்ட்ஸ். 2007-இல் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளராக வந்தார். 2001-இலேயே வர்ஜீனியாவின் ஹென்ரிக்கோ கவுன்டியில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஐபுக் (ஆப்பிளின் அக்கால மடிக்கணினி) கணினிகளை மாணவர்களிடம் கொடுத்தவர் அவர். ஆகவே என்னென்ன கெடும் என்று தெரிந்துகொண்டே வந்தார். ஆசிரியர் கைக்கு முதலில் கணினி. மாணவர்களுக்குப் பிறகு, அதுவும் படிப்படியாக. சில நாள்களில் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டு ஆசிரியர்கள் பாடவாரியாக உட்கார்ந்து பயில்வது, கோடையில் பல நாள் பயிலரங்கு என்று பயிற்சி ஓயாமல் நடந்தது. மாணவரின் விடை, வருகை, மதிப்பெண் எல்லாம் ஒரே தளத்தில் சேர்ந்தன.

அப்படியும் எல்லா ஆசிரியரும் இழுத்த இழுப்புக்கு வரவில்லை. பல ஆண்டு செதுக்கி வைத்த விரிவுரையும் அச்சுப் புத்தகமும் வழக்கமான பாட ஓட்டமும் போய்விட்டதே என்ற கசப்பு வெளிப்படையாகவே இருந்தது. அதைச் சோம்பல் என்று தள்ளுவது நியாயமில்லை. 20 ஆண்டுப் பாடக் குறிப்பை மாற்றுவதற்கு ஒரு பாடத்துக்கு ஒரு கோடை போதாது. ஆசிரியருக்கு நேரம் கொடுக்காத பள்ளிகளில் மடிக்கணினி என்ன ஆகிறது என்றால், பழைய கேள்வித்தாளைப் பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிவிடுவார்கள், மாணவர் அதைப் பார்த்துத் தாளில் எழுதுவார்.

வகுப்பறையில் என்ன தேவை

கருவி வந்தவுடன் முதலில் திணறுவது சுவரில் இருக்கும் பிளக்தான். அக்காலத்து மேக்புக் சார்ஜர் 60 வாட். முப்பது பேரும் ஒரே நேரத்தில் செருகினால் 1,800 வாட். பழைய அமெரிக்கக் கட்டடங்களில் 120 வோல்ட், 15 ஆம்பியர் பிரேக்கரின் உச்சமே அதுதான். தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 விழுக்காடு, அதாவது 1,440 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. மேக்புக் ஏர் சார்ஜர் 45 வாட், முப்பதுக்கு 1,350. அதன்மேல் ஒரு புரொஜெக்டர் போட்டால் வரம்பு போய்விடும். அதனால்தான் ‘இரவில் வீட்டில் சார்ஜ், காலையில் முழு மின்கலத்தோடு வருகை’ என்பதை ஒழுங்கு விதியாகவே வைக்கிறார்கள். மறந்து வருபவருக்கென வகுப்பில் நான்கைந்து சார்ஜர் போதும். அறை முழுக்கப் பிளக் பலகை இழுத்த பள்ளிகளில் பிரேக்கர் விழுவது ஒருபுறம், வயரில் கால் தடுக்கிக் கணினி தரையில் விழுவது மறுபுறம்.

அடுத்தது வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசை அமெரிக்காவில் மூன்றே மூன்று: 1, 6, 11. அறைக்கு ஒரு வைஃபை பெட்டி வைத்து எல்லாவற்றையும் முழுச் சக்தியில் ஓட விட்டால், பெட்டி கூடக் கூட வேகம் குறையும். பெட்டியின் சக்தியைக் குறைப்பது, ஒன்று விட்டு ஒரு அறையில் 2.4-ஐ அணைப்பது, கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் தள்ளுவது – இம்மூன்றும் செய்த பிறகே கூடுதல் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

‘வைஃபை காட்டுகிறது, இணையம் வரவில்லை’ என்ற புகார் காலை இரண்டாம் பாடவேளையில் வந்தால், பெரும்பாலும் முகவரி தீர்ந்திருக்கும். வழக்கமான ஒரு பிணைய வட்டத்தில் 254 முகவரிகள். எட்டு வகுப்புக்கு முப்பது வீதம் 240. அதோடு பிள்ளைகளின் கைபேசிகளும் சேர்ந்தால் வட்டம் நிறைந்துவிடும். வட்டத்தைப் பெரிதாக்கி, ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் கால அளவை நாள் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்கு இறக்கினால் தீரும். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் இது தெரியாமல் புதுக் கம்பி இழுத்த பள்ளிகள் உண்டு.

மென்பொருள் புதுப்பிப்பும் அப்படித்தான். 100 எம்.பி. கோப்பு ஒன்றை 4,400 கணினி தனித்தனியே இறக்கினால் 440 ஜி.பி.; விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் வேறு எதுவுமே ஓடாவிட்டாலும் ஏறக்குறைய 10 மணி நேரம். பள்ளிக்குள்ளேயே ஒரு சேமிப்புக் கணினி வைத்து ஒருமுறை இறக்கி உள்ளே பகிர்ந்தால், வெளி இணைப்புக்கு எட்டே விநாடி வேலை. 2014-இல் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் வைத்த இலக்கு, 1,000 பேருக்கு விநாடிக்கு 100 மெகாபிட் உடனடியாக, 1 கிகாபிட் நீண்ட காலத்தில்.

உடைவதில் அதிசயம் எதுவும் இல்லை. விசைப்பலகை மேல் பென்சிலோ இயர்போனோ இருக்க மூடியை அழுத்தினால் திரை போகும். சார்ஜர் வயர் கழுத்தில் நைந்துபோகும். தண்ணீர் பாட்டிலும் கணினியும் ஒரே பையில் போகக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் போகும். பழுதான கணினியை வாங்கிக்கொண்டு அதே பாடவேளைக்குள் மாற்றுக் கணினி கொடுக்க முடியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடம் இல்லை, ஏனென்றால் அச்சுப் புத்தகம் ஒழிந்துவிட்டது. எண்ணிக்கையில் 3 முதல் 5 விழுக்காடு உதிரி வைத்துக்கொள்வது நடைமுறை. 4,400-க்கு 132 முதல் 220. மூர்ஸ்வில் உயர்நிலைப் பள்ளியில் உதவி மேசையில் மாணவர்களும் வேலை பார்த்தார்கள். இது சிக்கனம் மட்டுமல்ல: திரை உடைந்ததை அதிகாரியிடம் சொல்லப் பயப்படும் பிள்ளை சக மாணவரிடம் சொல்லிவிடும், பழுது ஒரு வாரம் பைக்குள் ஒளிந்து கிடக்காது.

வீட்டு இணைப்பு: ஊர் கொடுத்த விலை

ஊர் ஆதரவு என்றால் நன்கொடைச் சீட்டும் பாராட்டு விழாவும் நினைவுக்கு வரும். மூர்ஸ்வில்லில் ஊரார் பெருமளவு சுமந்தது வேறொரு வழியில். திவாலான அடெல்ஃபியா நிறுவனத்தின் கேபிள் பிணையத்தை மூர்ஸ்வில், டேவிட்சன் நகராட்சிகள் 2007-இல் ஏறத்தாழ 6.4 கோடி டாலருக்கு வாங்கி, ‘எம்.ஐ.-கனெக்‌ஷன்’ என்ற பெயரில் தாமே நடத்தின. பள்ளித் திட்டத்துக்காக வாங்கியதல்ல. தனியார் சேவை மோசம் என்ற கோபத்தில் வாங்கியது. ஆனால் மாணவர் கையில் கணினி வந்தபோது, வசதி குறைந்த வீடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இணைப்புக் கொடுங்கள் என்று மாவட்டம் கேட்க ஊருக்குச் சொந்தமான ஒரு கம்பெனி இருந்தது. நூலகம் போன்ற பொது இடங்களின் இலவச வைஃபையும் துணை நின்றது.

அந்தக் கம்பெனி பல ஆண்டுகள் நட்டத்தில் ஓடியது. பற்றாக்குறையை நகராட்சிகள் பொதுப் பணத்திலிருந்து அடைத்தன. கவுன்சில் தேர்தல்களில் அதுவே சண்டைப் பொருள் ஆனது. கடைசியில் 2019-இல் டி.டி.எஸ். என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 8 கோடி டாலருக்கு விற்றார்கள். மாணவருக்கு 7,415.89 டாலர் என்ற பள்ளிக் கணக்கில் இதில் ஒரு சென்டும் தெரியாது. சொந்தப் பிணையம் இல்லாத ஊர் இதே திட்டத்தை எடுத்தால், இணைப்பில்லா வீடுகளுக்கு வழி தேடும் செலவு பள்ளி தலையில் விழும். அதுவரைக்கும் பாடத்தைப் பள்ளியிலேயே இறக்கி வைத்து, வீட்டில் இணையம் இல்லாமல் செய்து, மறுநாள் காலை பள்ளி வைஃபையில் ஏற்றும்படி வீட்டுப்பாடத்தை அமைக்க வேண்டும். நிகழ்படத்தைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லும் ஆசிரியர், அந்தப் பிள்ளை துரித உணவுக் கடை வாசலில் உட்கார்ந்து பார்க்கும் என்று தெரிந்தே சொல்கிறார்.

ஹென்ரிக்கோவும் லாஸ் ஏஞ்சலஸும்

எட்வர்ட்ஸின் பழைய மாவட்டத்தில் தொடக்கத்திலேயே தொல்லை வந்தது. விளையாட்டும் ஆபாசமும் உள்ளே நுழைந்ததால் கணினிகளைத் திரும்ப வாங்கி அமைப்பை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. அவர் அங்கிருந்து போனபின், 2005 ஆகஸ்டில் ஹென்ரிக்கோ தன் பழைய ஐபுக் ஆயிரத்தை 50 டாலருக்கு ஒன்று என்று விற்றபோது ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து, நெரிசலில் பலர் காயமடைந்தார்கள். பழைய கருவியை எப்படிக் கழிப்பது என்பதையும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சத்தமான உதாரணம் கிடையாது. குத்தகையில் இந்தத் தலைவலி குத்தகைக்கு விட்டவருடையது.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2013-இல் நூறு கோடி டாலரைத் தாண்டும் மதிப்பீட்டில் ஐபேட் திட்டம் தொடங்கியது. ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சில நாளிலேயே கருவியில் இருந்த கட்டுப்பாட்டுக் கோப்பை நீக்கிவிட்டு வேண்டிய தளங்களுக்குப் போனார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, உடைந்தால் யார் கட்டுவது என்பதே அப்போது தெளிவாக இல்லை. பாடமென்பொருள் முழுமையாக வந்து சேரவில்லை. 2014-இல் ஒப்பந்தம் நின்றது, கண்காணிப்பாளர் பதவி விலகினார். 2015-இல் ஆப்பிள் 42 லட்சம் டாலர் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் பள்ளிக்குள் வைஃபையில் மட்டும் வைத்தால் வீட்டில் பயன்படாது, கருவிக்குள் வைத்தால் மாணவர் நீக்கப் பார்ப்பார். நீக்கியவுடன் பிணையத்தில் அந்தக் கருவி தானாகத் துண்டிக்கப்படும்படி அமைப்பதே இதற்கு நடைமுறை வழி. வடிகட்டி இல்லாமல் விடவும் முடியாது; 2000-இல் வந்த சட்டப்படி, அது இல்லாத பள்ளிக்கு இணையத்துக்கான இ-ரேட் கழிவு கிடையாது.

எண்களை எப்படிப் படிப்பது

80-இலிருந்து 91 என்ற முன்னேற்றத்தைத் தனியாகப் பார்த்தால் பிரமிப்பு. அதே காலத்தில் வட கரோலினா முழுவதிலும் அந்த விகிதம் 70.3-இலிருந்து 77.9-க்கு ஏறியது. மாநிலத்தோடு சேர்ந்து ஏறியது ஏழரைப் புள்ளி என்று கழித்தால், மூர்ஸ்வில் தனக்கென்று சேர்த்தது மூன்றரைப் புள்ளி. அதுவும் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் சுவரொட்டியில் போடும் எண் அல்ல.

73-இலிருந்து 88 என்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. 2007–08-இல் மாநிலம் வாசிப்புத் தேர்வின் தேர்ச்சி மட்டத்தைக் கடுமையாக்கியதால் எல்லா மாவட்டமும் அந்த ஆண்டு சரிந்தன. அடுத்த ஆண்டு முதல் மறுதேர்வில் தேறியவர்களையும் தேர்ச்சியில் சேர்த்ததால் எல்லா மாவட்டமும் உயர்ந்தன. பள்ளத்திலிருந்து அளக்கத் தொடங்கினால் மேடு உயரமாகத்தான் தெரியும். 2012–13-இல் புதிய பாடத்திட்டத் தேர்வு வந்தபோது மாநிலம் முழுவதும் தேர்ச்சி மறுபடி சரிந்தது. மூன்று தேர்வு முறைகளின் விழுக்காடுகளை ஒரே கோட்டில் வரைவது தவறு. மாவட்டத்தின் தரவரிசை இடத்தைப் பார்ப்பது ஓரளவு நியாயம்.

நிதானமான மதிப்பீடு பின்னால் வந்தது. மேரி ஹல், கேத்ரின் டக் என்ற ஆய்வாளர்கள் அக்கம்பக்க மாவட்டங்களோடு ஒப்பிட்டு, திட்டத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வேறுபாட்டை அளந்தார்கள். அவர்கள் ஆய்வு 2019-இல் வெளியானது. நான்கைந்து ஆண்டு கழித்துக் கணித மதிப்பெண் 0.13 திட்ட விலக்க அளவு (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவில் 13 விழுக்காடு) உயர்ந்திருந்தது. வாசிப்பில் தெளிவான விளைவு இல்லை. வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நேரம் மாறவில்லை. அதில் கணினி முன் போகும் பங்கு மட்டும் கூடியது. கணித உயர்வு முதல் ஆண்டிலேயே வந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு இறுதியில் ‘பலன் எங்கே’ என்று கேட்டு ரத்து செய்யும் கல்விக் குழுவுக்கு அந்த உயர்வு கண்ணில் படவே போவதில்லை.

அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது 4 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்களை. உயர்நிலைப் பள்ளிக்கு அதே எண்ணை நீட்ட முடியாது. நடுநிலை வகுப்புகள் 18-இலிருந்து 30-க்குப் போனது இதே ஆண்டுகளில்தான். ஆகவே 0.13 என்பது மடிக்கணினி, பயிற்சி, ஒரே தளத்தில் சேர்ந்த தரவு, பெருத்த வகுப்பு, குறைந்த ஆசிரியர் எல்லாம் கலந்த மொத்த விளைவு. 37 ஆசிரியர்களை வைத்துக்கொண்டே கணினியும் கொடுத்திருந்தால் அது எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை இந்தத் தரவிலிருந்து யாரும் பிரித்தெடுக்க முடியாது.